பப்ளிக் பாலிசி படிக்கப் போறீங்களா? கேம்பஸைப் பார்த்தது போதும், கேன்டீன்ல உட்காருங்க



எஜுகேஷன் லோன் வீடியோ போட்டதிலிருந்து ஒரே மாதிரி கேள்வி திரும்பத் திரும்ப வருது. "சார், வேலையில இருக்கேன். பப்ளிக் பாலிசியில மாஸ்டர்ஸ் பண்ண ரெண்டு இடத்துல சீட் கிடைச்சிருக்கு. ரெண்டையும் நேர்ல போய் பார்த்துட்டு வந்தேன். ஒண்ணு சூப்பரா இருக்கு, ஆனா ஃபீஸ் ஜாஸ்தி. இன்னொண்ணு சுமார், ஆனா கம்மி. எதை எடுக்கட்டும்?"

எல்லாருக்கும் தனித்தனியா பதில் எழுத முடியலை. அதனால என் முடிவை முதல்லயே சொல்லிடுறேன். கேம்பஸுக்குக் கண்டிப்பா போங்க. ஆனா கட்டடத்தைப் பார்க்கப் போகாதீங்க. அங்கே படிச்சு முடிக்கப் போற ஒருத்தர், தான் எந்த வேலைக்காகப் படிக்க வந்தாரோ அந்த வேலைக்குப் போறாரா, இல்லை இ.எம்.ஐ.க்குப் பயந்து வேற வேலைக்குப் போறாரான்னு பார்த்துட்டு வாங்க. மத்ததெல்லாம் ரெண்டாம் பட்சம்.

இதை எனக்குக் கத்துக்கொடுத்தது என்கிட்ட ஆர்டிகிள்ஷிப் பண்ணின ஒரு பொண்ணு.

நகராட்சிக் கணக்கில் ஆரம்பிச்ச ஆசை

சில வருஷம் முன்னாடி ஒரு நகராட்சிக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிற வேலைக்கு எங்க ஆபீஸ்ல இருந்து ஒரு டீம் போச்சு. அதுல இவளும் இருந்தாள். மார்ச் கடைசி வாரம். குடிநீர்க் குழாய் போட வந்த மானியத்தில் பாதிக்கு மேல செலவாகாமல் அப்படியே கிடக்குது. அதே நகராட்சியில ரெண்டு வார்டுக்குத் தண்ணீர் லாரியில வருது. "பணம் இருக்கு, தேவையும் இருக்கு, அப்புறம் ஏன் சார் நடக்கலை?"ன்னு கேட்டாள். டெண்டர், அனுமதி, ஆள் இல்லைன்னு ஏதோ சொன்னேன். அவளுக்கு அந்தப் பதில் போதலை.

அப்புறம் ஒரு பெரிய கம்பெனியில இன்டர்னல் ஆடிட் வேலைக்குப் போனாள். கைக்கு மாசம் 62,000. ஆனா அந்தக் கேள்வி அவளை விடலை. 27 வயசுல பப்ளிக் பாலிசி படிக்கிறேன்னு வந்து நின்னாள்.

தெரியாதவங்களுக்காக ஒரு வரி. அரசு ஒரு திட்டத்தை ஏன் இப்படிப் போடுது, பணம் எங்கே போய் நிக்குது, அது பயனாளிக்குப் போய்ச் சேர்ந்ததான்னு எப்படி அளக்கிறதுன்னு சொல்லிக் கொடுக்கிற படிப்பு இது. பொருளாதாரம், புள்ளியியல், சட்டம், நிர்வாகம் எல்லாம் கலந்து இருக்கும். அவங்க அப்பா கேட்ட முதல் கேள்வி, "இதைப் படிச்சா கலெக்டர் ஆயிடலாமா?" ஆக முடியாது. அதுக்கு யு.பி.எஸ்.சி. தேர்வு தனியா எழுதணும். உங்க வீட்டுலயும் இந்தக் கேள்வி வரும், முதல் நாளே தெளிவாச் சொல்லிடுங்க.

இன்னிக்கு இந்தியாவுல இந்தப் படிப்புக்கு இடம் நிறையவே இருக்கு. பெங்களூரு தேசிய சட்டப்பள்ளி 2014லிருந்து ரெண்டு வருஷ எம்.பி.பி. நடத்துது. ஹைதராபாத்ல டாடா சமூக அறிவியல் கழகம், டெல்லி ஐ.ஐ.டி.யில் பப்ளிக் பாலிசிக்குத் தனிப் பள்ளி, சோனிபட்ல ஜிண்டால், ஹைதராபாத்ல கௌடில்யா. அரசு, தனியார் ரெண்டும் உண்டு. ஃபீஸும் மலைக்கும் மடுவுக்குமா வேறுபடும்.

இவளுக்கும் ரெண்டு இடத்துல சீட். ஒண்ணு பெரிய தனியார் பல்கலைக்கழகம், இன்னொண்ணு அரசு சார்ந்தது. பேர் வேண்டாம். 'அ', 'ஆ'ன்னு வெச்சுக்குவோம்.

என் எக்ஸல் சொன்னது

ஆடிட்டர் கையில கொடுத்தா என்ன நடக்கும்? எக்ஸல் திறப்பான். நானும் திறந்தேன்.

'அ'வில் ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ரெண்டு வருஷத்துக்கு 24 லட்சம். அவள் சேமிப்புல 4 லட்சம் போட்டா, 20 லட்சம் லோன். 'ஆ'வில் மொத்தம் 10 லட்சம். சேமிப்புல இரண்டரை போட்டா, ஏழரை லட்சம் லோன்.

இங்கே நிறைய பேர் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. 20 லட்சத்துக்கு இ.எம்.ஐ. கால்குலேட்டர்ல போட்டு, 10.5 சதவீதம், 10 வருஷம், சுமார் 27,000ன்னு எழுதி வெச்சுக்குவாங்க. நிஜத்துல அது இல்லை. படிக்கிற காலமும், பொதுவா அதுக்கு மேல ஒரு வருஷமும் வங்கி தவணை கேட்காது. ஆனா வட்டி ஓடிட்டே இருக்கும். முதல் வருஷம் 10 லட்சம், ரெண்டாம் வருஷம் 10 லட்சம்னு பணம் விடுவிச்சா, தனிவட்டி மட்டும் போட்டாலே மூணாவது வருஷ முடிவுல 5.25 லட்சம் வட்டி சேர்ந்திருக்கும். நீங்க தவணை கட்ட ஆரம்பிக்கிற அன்னிக்குக் கடன் 25.25 லட்சம். இ.எம்.ஐ. சுமார் 34,000.

அதே கணக்கை 'ஆ'வுக்குப் போட்டா, ஏழரை லட்சம் சுமார் 9.47 லட்சமா வளரும். இ.எம்.ஐ. 12,800 பக்கம்.

ரெண்டு இடத்துக்கும் பொதுவான செலவும் ஒண்ணு இருக்கு. விடப்போற சம்பளம். 62,000 வீதம் 24 மாசம், 14.88 லட்சம். இது எந்த ப்ராஸ்பெக்டஸ்லயும் அச்சாகாது.

"ஆ-வை எடு, பேச்சு முடிஞ்சுது"ன்னேன். அவள் ஒத்துக்கலை. "சார், நீங்க ஃபீஸை மட்டும் பார்க்கறீங்க. நான் நேர்ல பார்த்துட்டுச் சொல்றேன்." ஆபீஸ்ல லீவு போட்டுட்டு டிக்கெட் எடுத்தாள்.

கண்ணாடி கட்டடமும் மரத்தடி பெஞ்சும்

'அ'வுக்குத் தனியாப் போனாள். திரும்பி வந்தப்போ முகமே வேற மாதிரி இருந்தது. இரவு முழுக்கத் திறந்திருக்கிற லைப்ரரி, சின்னச் சின்ன வகுப்பு, வெளிநாட்டுல படிச்சுட்டு வந்த பேராசிரியர்கள். ஒரு வகுப்புல உட்கார விட்டிருக்காங்க. ரேஷன் மானியத்தைப் பணமாக் கொடுக்கலாமா, பொருளாக் கொடுக்கலாமான்னு ஒரு மணி நேரம் சண்டை. "சார், அப்படி ஒரு கிளாஸ்ல நான் உட்கார்ந்ததே இல்லை." நான் எதுவும் பேசலை. அந்த சந்தோஷத்துக்கு என் எக்ஸல்ல கட்டமே இல்லை.

'ஆ'வுக்குப் போறப்போ எனக்கும் அந்த ஊர்ல ஒரு கிளையன்ட் வேலை இருந்தது, கூடப் போனேன். பழைய கட்டடம். ஃபேன் சத்தத்துல பேராசிரியர் பேசுறது பாதிதான் கேட்குது. யார்கிட்ட படிக்கணும்னு இவள் ஆசைப்பட்டாளோ அந்தப் பேராசிரியர் ஒரு வருஷ விடுப்புல இருக்கார். அந்தத் தகவல் வெப்சைட்ல இல்லை. இவள் முகம் வாடிப்போச்சு. உண்மையைச் சொல்லணும்னா, எனக்கே 'அ'தான் சரியோன்னு தோணிடுச்சு.

அப்புறம் ரெண்டு இடத்து கேன்டீன்லயும் இவள் பேசின பேச்சை ஒப்பிட்டுப் பார்த்தோம். முடிவு அங்கேதான் வந்தது.

'அ'வில் ஒரு திருநெல்வேலிப் பையனைச் சந்திச்சிருக்காள். கடைசி வருஷம். கிராமப் பள்ளிகள்ல வேலை செய்யற ஒரு தொண்டு நிறுவனத்துல இருந்து, கல்விக் கொள்கை படிக்கணும்னு வந்தவன். இப்ப ஒரு கன்சல்டிங் கம்பெனியில ஆஃபர் வாங்கியிருக்கான். நல்ல சம்பளம். என்ன வேலைன்னு கேட்டிருக்காள். தனியார் கம்பெனிகளுக்கு செலவு குறைக்கிற ப்ராஜெக்ட். "அக்கா, ஒரு மாநிலக் கல்வித் துறைத் திட்டத்துலயும் கூப்பிட்டாங்க. கைக்கு 55,000. எனக்கு இ.எம்.ஐ.யே 38,000. அப்பா வீட்டுப் பத்திரத்தை வெச்சிருக்கார். நான் என்ன பண்ண முடியும்?"

'ஆ'வில் மரத்தடி பெஞ்சுல ஒரு பொண்ணு. அவளும் கடைசி வருஷம். ஒரு மாவட்டத்துல ஊட்டச்சத்துத் திட்டத்தைக் கண்காணிக்கிற வேலைக்குப் போறாள். கைக்கு 48,000. மெஸ் சாப்பாட்டைப் பத்திப் பத்து நிமிஷம் திட்டினாள். ப்ளேஸ்மென்ட் செல்லை இன்னும் பத்து நிமிஷம் திட்டினாள். ஆனா அந்த வேலையைப் பத்திப் பேச ஆரம்பிச்சதும் நிறுத்த முடியலை. இ.எம்.ஐ. எவ்வளவுன்னு கேட்டோம். "பதினொண்ணு. சமாளிச்சுடுவேன்."

திரும்பி வர்ற ட்ரெயின்ல இவள் ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துட்டே வந்தாள். காட்பாடி தாண்டினதும் சொன்னாள்: "சார், அந்தத் தம்பி நான் இப்ப விட்டுட்டுப் போற மாதிரி வேலைக்குத்தான் போறான். 24 லட்சம் செலவு பண்ணி நானும் அங்கேயே திரும்பி வரணுமா?"

சராசரி பேக்கேஜால வகுக்காதீங்க

என் எக்ஸல்ல இருந்த தப்பு அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. எது மலிவுன்னு பார்த்தேன். பார்க்க வேண்டியது வேற.

எம்.பி.ஏ. மாதிரி படிப்புக்கு லோன் வாங்கினா, சம்பளத்துக்காகவே படிக்கிறோம். அங்கே சராசரி பேக்கேஜைப் பார்க்கிறதுல ஓரளவு அர்த்தம் இருக்கு. பப்ளிக் பாலிசி அப்படி இல்லை. இங்கே ஒரே வகுப்புல இருந்து ஒருத்தர் கன்சல்டிங் போவார், ஒருத்தர் மாவட்ட அலுவலகத்துக்குப் போவார். ரெண்டு சம்பளத்தையும் கூட்டி ரெண்டால வகுத்து வர்ற நம்பர் ரெண்டு பேருக்குமே பொருந்தாது. நீங்க போக நினைக்கிற வேலையோட சம்பளம் பெரும்பாலும் அந்தச் சராசரிக்குக் கீழேதான் இருக்கும்.

அதனால என் விதி இது. நீங்க உண்மையிலேயே செய்ய ஆசைப்படற வேலைகள்ல மூணு நாலு விளம்பரத்தை எடுங்க. அதுல இருக்கிற குறைஞ்ச சம்பளத்தை எடுங்க. உங்க இ.எம்.ஐ. அதுல 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினா அந்த வேலைக்கு நீங்க போக மாட்டீங்க. மனசு இருக்கும், தவணைத் தேதி விடாது.

இவளுக்கு வந்த குறைஞ்ச நம்பர் 50,000. 'அ'வோட 34,000 இ.எம்.ஐ. அதுல 68 சதவீதம். 'ஆ'வோட 12,800 கிட்டத்தட்ட 26 சதவீதம்.

இங்கே ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன். கம்மி ஃபீஸ் இடம்தான் எப்பவும் நல்லதுன்னு நான் சொல்லலை. படிப்புத் தரத்துல 'அ' மேலேதான் இருந்தது. அதனால 'அ'வுக்கு மெயில் போடச் சொன்னேன்: "உங்க வகுப்பு பிடிச்சிருக்கு, ஸ்காலர்ஷிப் கூட்டிக் கொடுக்க முடியுமா?" கேட்கிறதுல வெட்கம் வேண்டாம், நிறைய இடத்துல கேட்டாத்தான் கிடைக்கும். கொஞ்சம் கூட்டினாங்க. லோன் 20லிருந்து 16 லட்சம் ஆச்சு. அப்பவும் இ.எம்.ஐ. 27,000 தாண்டுது. பாதி ஃபீஸ் தள்ளுபடி ஆகியிருந்தா, "ஆ-வை மறந்துடு, கண்ணை மூடிட்டு அ-வுக்குப் போ"ன்னு நானே சொல்லியிருப்பேன். கன்சல்டிங் வேலைதான் வேணும்னு தெளிவா இருக்கிறவங்களுக்கும் 'அ' சரியான இடமே. அதுல எந்தத் தப்பும் இல்லை. தொண்டு நிறுவனத்துல இருந்து கிளம்பி, தெரியாமலே அங்கே போய்ச் சேர்றதுதான் தப்பு.

கேன்டீன்ல கேட்க வேண்டிய ஆறு கேள்வி

கேம்பஸ் டூர் கூட்டிட்டுப் போறவங்ககிட்ட இதைக் கேட்காதீங்க. கடைசி வருஷ மாணவங்க மூணு பேரையாவது தனியாப் பிடிச்சு, ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்க.

1. இங்கே சேர்றப்போ என்ன வேலைக்குப் போகணும்னு நினைச்சீங்க? இப்ப எங்கே போறீங்க?
2. லோன் இருக்கா? அது இல்லைன்னா இதே ஆஃபரை எடுத்திருப்பீங்களா?
3. ப்ளேஸ்மென்ட் ரிப்போர்ட்ல வராதவங்க எத்தனை பேர்? அவங்க இப்ப என்ன பண்றாங்க?
4. ஃபீஸ் ரெண்டாவது வருஷம் ஏறினதா? ஹாஸ்டல், ஃபீல்டு விசிட் செலவு தனியா?
5. ப்ராஸ்பெக்டஸ்ல பேர் போட்டிருக்கிற பேராசிரியர்கள்ல யார் நிஜமா வகுப்பு எடுக்கறாங்க?
6. இன்டர்ன்ஷிப்புக்கு ஸ்டைபண்ட் உண்டா, இல்லை கைக்காசு போட்டுப் போகணுமா?

ரெண்டாவது கேள்வி முக்கியம். அதுக்கு வர்ற பதிலை விட, பதிலுக்கு முன்னாடி வர்ற மௌனத்தைக் கவனிங்க.

வெளிநாடுன்னா நேர்ல போறது கஷ்டம்தான். வீடியோ கால்ல இதே ஆறையும் கேட்கலாம். அங்கே இன்னொரு கணக்கும் உண்டு. சிங்கப்பூர் லீ குவான் யூ பள்ளியோட எம்.பி.பி.யும் ஹார்வர்டு கென்னடி பள்ளியோட எம்.பி.பி.யும் ரெண்டு வருஷம். ஆக்ஸ்ஃபோர்டு பிளவட்னிக் பள்ளியில ஒரு வருஷம். ஒரு வருஷ சம்பளம் மிச்சமாகறதையும் ஒப்பீட்டுல சேர்த்துக்கணும்.

வீட்டுக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை

பத்திரம்: பொதுவா ஏழரை லட்சத்துக்கு மேல லோன் போனா சொத்து அடமானம் கேட்பாங்க. வங்கிகள் தனியா வெச்சிருக்கிற முதல்தரக் கல்லூரிப் பட்டியல்ல உங்க இடம் இருந்தா இதுல தளர்வு உண்டு. கேம்பஸ் போறதுக்கு முன்னாடியே வங்கியில கேளுங்க. அப்பா ஓய்வு பெறுற வயசுல இருந்தா, அவர் வீட்டுப் பத்திரத்தை உங்க கனவுக்கு வைக்கிறது பத்தி நாலு தடவை யோசிங்க.

80இ: "வட்டிக்கு வரிச்சலுகை இருக்கே சார்"ன்னு கேட்பீங்க. இருக்கு. வட்டி முழுசுக்கும், எட்டு வருஷம் வரை. ஆனா பழைய வரி முறையில மட்டும்தான். புது முறையில மாசச் சம்பளக்காரருக்கு வருஷம் 12.75 லட்சம் வரை வரியே கிடையாது. மாசம் 50,000 வாங்குறவருக்குக் கழிக்க வரியே இல்லாதப்போ சலுகை எதுக்கு? அதை நம்பிப் பெரிய லோன் எடுக்காதீங்க.

படிக்கும்போது வட்டி: முடிஞ்ச அளவு மாசாமாசம் வட்டியை மட்டுமாவது கட்டுங்க. அப்படிக் கட்டினா வட்டி விகிதத்துல 1 சதவீதம் வரை குறைக்கிற வங்கிகள் உண்டு.

இன்ஷூரன்ஸ்: இதை யாரும் யோசிக்கிறதில்லை. பொதுவா கடைசி வேலை நாளோட கம்பெனி கொடுத்த ஹெல்த் கவர் போயிடும். அதுல உங்க அப்பா அம்மா இருந்தா, அவங்க கவரும் போயிடும். பேப்பர் போடறதுக்கு முன்னாடி தனி பாலிசி எடுத்துடுங்க.

கிராச்சுட்டி: நாலரை வருஷ சர்வீஸ்ல இருக்கீங்களா? பொதுவா அஞ்சு வருஷம் முடிஞ்சாத்தான் கிராச்சுட்டி. அட்மிஷனை ஒரு வருஷம் தள்ளி வைக்க முடியுமான்னு கேட்டுப் பாருங்க. பி.எஃப்.ல கை வைக்காதீங்க. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தா வரியும் வரும்.

இன்னும் சந்தேகமா இருந்தா, வேலையை விடாமலே தண்ணியில கால் நனைச்சுப் பார்க்கலாம். பெங்களூரு தக்ஷசிலா நிறுவனம் வேலையில இருக்கிறவங்களுக்கு ஆன்லைன்ல பப்ளிக் பாலிசி வகுப்பு நடத்துது. 25 வயசுக்குள்ளன்னா, பி.ஆர்.எஸ். அமைப்போட லாம்ப் ஃபெல்லோஷிப்ல ஒரு எம்.பி.யோட வேலை செய்யலாம். தமிழ்நாடு முதலமைச்சர் புத்தாய்வுத் திட்டம் ரெண்டு வருஷம், மாசாமாசம் ஊக்கத்தொகையோட. இதுல ஒண்ணு செஞ்சு பார்த்துட்டு, அப்பவும் ஆசை குறையலைன்னா லோனுக்குப் போங்க.

கடைசியா என்ன ஆச்சு?

'ஆ'வில் சேர்ந்தாள். முதல் வருஷம் முடிஞ்சுடுச்சு. ஃபேன் இன்னும் சத்தம் போடுதாம். விடுப்புல போன பேராசிரியர் திரும்பி வந்துட்டார். அந்த 'அ' வகுப்புல நடந்த ரேஷன் சண்டையை இன்னும் நினைச்சுப் பார்க்கிறதா ஒரு நாள் போன்ல சொன்னாள். அந்த ஏக்கம் நியாயமானதுதான். அதை இல்லைன்னு சொல்லி நான் ஆறுதல் சொல்லலை.

போன மாசம் இன்டர்ன்ஷிப்ல இருந்து ஒரு போட்டோ அனுப்பினாள். ஏதோ ஒரு ஒன்றிய அலுவலகம், மேஜை முழுக்க ஃபைல். கீழே ஒரு வரி: "சார், மானியம் ஏன் செலவாகலைன்னு இப்பதான் புரியுது. வந்து சொல்றேன்."

எனக்கும் அந்தப் பதில் தெரியணும். ஆறு வருஷமா நான் சொல்லிட்டு இருக்கிறது தப்பான பதில்னு மட்டும் தெரியுது.

நீங்க ரெண்டு சீட்டைக் கையில வெச்சுக்கிட்டு குழம்பிட்டு இருந்தா, உங்க ஆசை வேலையோட குறைஞ்ச சம்பளம், ரெண்டு இடத்தோட நிஜ இ.எம்.ஐ., இந்த மூணு நம்பரை மட்டும் கமெண்ட்ல போடுங்க. கல்லூரி பேர் வேண்டாம். அடுத்த வீடியோவுல உட்கார்ந்து சேர்ந்தே கணக்குப் போடுவோம்.